பலகைக்குப் பின்னால் முப்பத்தெட்டு ஓட்டைகள்

பல் வலியே இல்லாத ஒரு பெண், மழை பெய்கிற போதெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு போய் ஒரு பல் மருத்துவமனைக்கு எதிரே நிற்கிறாள் என்றால், அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

எங்கள் மாடிப்படியில் என்னை நிறுத்தி இதைக் கேட்டவர் அவள் கணவர். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டார், ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. வாய்க்கு வந்த எதையோ சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அவள். அவளே பிறகு ஒரு நாள் முழுக்கதையையும் சொன்னாள். ஒன்றையும் விடாமல், தனக்குச் சாதகமாகத் திருப்பாமல் சொன்னாள். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அவள் வேலை பார்த்த பட்டறையில் அவளுக்கு முதுகக்கா என்று பெயர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை அது. கடை வாசலுக்கு மேலே பெட்டி பெட்டியாக, உள்ளிருந்து வெளிச்சம் வருகிற எழுத்துகள் இருக்குமே, அவற்றைச் செய்யும் இடம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முகம் உண்டு, ஒரு முதுகு உண்டு. முகத்தை வெட்டுவதும் வண்ணம் பார்ப்பதும் முன்னறையில் இருப்பவர்களின் வேலை. பின்னறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்த நீள மேசையில், இவள் எழுத்துகளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உள்ளே சின்னச் சின்ன விளக்குகளை ஒட்டி, வயரைச் சேர்த்து, முதுகுத் தகட்டை மூடி, சுவரில் மாட்டுவதற்கான கம்பிகளை முறுக்குவாள். பன்னிரண்டு வருடம் இதே வேலை.

பன்னிரண்டு வருடம் எழுத்தைப் பின்பக்கமாகவே பார்த்தால் கண் எப்படிப் பழகும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கெல்லாம் ஒரு வார்த்தை இடது பக்கத்தில் தொடங்கும். அவளுக்கு வலது பக்கத்தில் தொடங்கும். நாம் கண்ணாடியில் திணறிப் படிப்பதை அவள் பேப்பர் படிப்பது போலப் படிப்பாள். முன்னறைக்காரர்கள் இதை வைத்துக் கேலி செய்வார்கள். அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட அடிப்பக்கமாகப் பிரித்துத்தான் சாப்பிடும் என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அது ஒரு திறமை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், மற்றவர்களும் நினைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு குறை அவளுக்கு. தான் செய்த எழுத்தைச் சுவரில் எரியும்போது அவள் பார்த்ததே இல்லை. மாட்டுவதற்கு வேறு ஆட்கள் போவார்கள், ஏணியோடும் வண்டியோடும். இவள் மூடிக் கொடுத்ததைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள், அத்தோடு சரி. பன்னிரண்டாவது வருடத்தில் ஒரு நாள் முதலாளியிடம் கேட்டாள், ஒரே ஒரு தடவை தன்னையும் மாட்டுகிற இடத்துக்கு அனுப்பச் சொல்லி. முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் சிரித்துவிட்டார்.

"உனக்கு எதுக்கும்மா ஏணி? முகத்தைப் பாக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. முதுகைப் பாக்க நீ ஒருத்திதானே."

பாராட்டாகத்தான் சொன்னார். அது அவளுக்கு எங்கோ தைத்துவிட்டது. அடுத்த மாதமே, இனி வரமாட்டேன், சொந்தமாகப் பலகைத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று போய் நின்றாள்.  முதலாளி கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். பிறகு, மேசையை அப்படியே வைத்திருப்பதாகவும், மூன்று மாதம் பார்ப்பதாகவும், அதற்குள் திரும்பி வந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அவளைப் பயமுறுத்தியது இந்தக் கருணைதான். திட்டியிருந்தால் வீம்பாவது வந்திருக்கும்.

வீட்டில் கணவர் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். கூடத்தில் பாதி இடம் அவருடைய பர்னர்களுக்கும் குழாய்களுக்கும். மீதிப் பாதியை இவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கதவு ஒன்றைக் கழற்றி இரண்டு ஸ்டூல்மேல் போட்டதும் மேசை தயாராகிவிட்டது. முதல் நாள் காலையில் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தவள், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எடுத்த முடிவு தப்போ என்று மெல்லக் கேட்டாள். அவர் பர்னரை ஊதிக்கொண்டே சொன்னார்:

"வீட்டுல பயப்படறதுக்கு ஒரு ஆள் போதும். அந்த வேலைய நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

மூன்று வாரம் யாரும் வரவில்லை. நாலாவது வாரம் வந்தது பல் மருத்துவமனை. கணவர் அந்த டாக்டர் வீட்டு அடுப்பைச் சரி செய்யப் போனபோது பேச்சுவாக்கில் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் அம்மாள் நடுத்தர வயது, வார்த்தைகளைச் செலவு செய்யாதவர். மருத்துவமனை முகப்புக்குப் புதிதாகக் கறுப்புக் கல் பதித்திருந்தார், கண்ணாடி போல மின்னும் கல். அதன்மேல் நேரடியாக வெள்ளை எழுத்து வர வேண்டும், பதினோரு எழுத்து. நன்றாக வந்தால் இன்னும் இரண்டு கிளைகளுக்கும் இவளிடமே தருவதாகச் சொன்னார். கல்லை ஒருமுறை தடவிப் பார்த்து, "பாத்து மாட்டுங்க, இதுக்கு நான் ஒரு வருஷம் காத்திருந்தேன்" என்றார்.

பதினோரு எழுத்தையும் செய்து முடித்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. ஒரு இடத்தில்கூடப் பசை பிதுங்கவில்லை. மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. சுவரில் எங்கெங்கே ஓட்டை போட வேண்டும் என்பதற்கு ஒரு காகிதம் தயார் செய்ய வேண்டும். எழுத்துகளை மேசையில் வரிசையாகக் குப்புறக் கவிழ்த்து, கம்பிகள் மேலே பார்த்து நிற்க, ஒரு பெரிய காகிதத்தை மேலே பரப்பி அழுத்தினால் கம்பிகள் காகிதத்தைக் குத்திக்கொண்டு வெளியே வரும். குத்திய இடங்கள்தான் ஓட்டை. பட்டறையில் இதை ஆயிரம் தடவை செய்திருக்கிறாள். முப்பத்தெட்டுக் கம்பி, முப்பத்தெட்டுக் குத்து. முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பதினொன்று வரை எண் போட்டாள். அவள் கண்ணுக்கு முதல் எழுத்து எங்கே இருந்தது? வலது கோடியில்.

அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டும்போது திருப்பி ஒட்ட வேண்டும். எழுத்து குப்புறக் கிடந்தபோது எடுத்த அளவு அது. எழுத்து நிமிர்ந்து நம்மைப் பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். அதனால் எண் போட்ட பக்கம் சுவரோடு ஒட்டி மறைந்துவிட வேண்டும். பட்டறையில் மாட்டப் போகிறவர்கள் இதைத் தாங்களே பார்த்துத் திருப்பிக்கொள்வார்கள். இவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஏணி உனக்கு எதுக்கு என்றுதான் சொல்லியிருந்தார்களே.

துளை போட அவள் கொழுந்தன் வந்தான். குழாய் வேலை செய்கிறவன், சொந்தமாக மெஷின் வைத்திருந்தான். இருவரும் காகிதத்தை விரித்து, எண்கள் நன்றாகத் தெரியும்படி கல்லில் ஒட்டினார்கள். கொழுந்தன் ஏணியில் ஏறி நின்று காகிதத்தை ஒரு தடவை பார்த்தான்.

"ஒன்னு அந்தப் பக்கமா அண்ணி ஆரம்பிக்குது?"

"ஆமா, அங்கேருந்துதான்" என்றாள் அவள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. வலது கோடியில் ஒன்று என்பதைவிட இயல்பான விஷயம் அவளுக்கு உலகத்தில் வேறு இல்லை.

கல்லில் துளை போடுவது லேசான காரியம் இல்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி, விரிசல் விடாமல், ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கொழுந்தன் பொறுமையாகச் செய்தான். உள்ளே டாக்டரும் ஏதோ ஒரு பல்லைத் துளைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மெஷினின் சத்தமும் மாறி மாறி வந்தது. யார் கை சுத்தம் என்று பார்க்கலாம் என்று கொழுந்தன் ஜோக் அடித்தான். முப்பத்தெட்டும் முடிந்து காகிதத்தைக் கிழித்த பிறகு, முதல் எழுத்தை அவளே ஏணியில் ஏறி எடுத்துப் பொருத்தினாள். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த நிமிடம்.

கம்பி உள்ளே போகவில்லை.

கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். இரண்டு கம்பி போனது, மூன்றாவது கல்லில் முட்டியது. இரண்டாவது எழுத்தை எடுத்துப் பார்த்தாள். அதற்கு ஒன்றுமே போகவில்லை. அப்போதுதான் கண்ணை மூடி அந்தக் காகிதத்தை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள்.   முப்பத்தெட்டில் ஏழெட்டைத் தவிர மற்றதெல்லாம் இடம் மாறிய ஓட்டைகள். ஒரு வருடம் காத்திருந்து பதித்த கறுப்புக் கல்லில், அம்மைத் தழும்பு போல.

கொழுந்தனுக்கு அவள் சொல்லாமலே புரிந்துவிட்டது. டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டான். அவள் அவன் வாயைப் பொத்தாத குறைதான். உள்ளே மெஷின் சத்தம் நின்றிருந்தது. அவசர அவசரமாக ஒரு துணியை எடுத்து மேலே தொங்கவிட்டாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மூளை வேலை செய்த மாதிரி வாழ்நாளில் செய்ததில்லை. டாக்டர் வெளியே வந்தபோது அவள் தயாராக இருந்தாள். கல்மேல் நேரடியாக மாட்டினால் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் அழுக்கு வழிந்து கோடு விழும், பின்னால் ஒரு வெளிர்சாம்பல் பலகை கொடுத்து அதன்மேல் எழுத்தை மாட்டினால் எடுப்பாக இருக்கும், பலகை தன் செலவு என்றாள். ஒரு மூச்சில் சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளை மாலைக்குள் முடிந்தால் சரி என்றார்.

மறுநாள் பலகை வந்தது. அதை ஏற்றுவதற்கு முன் ஓட்டைகளை அடைக்க வேண்டும். சிலிக்கான் பசைக் குழாயை அழுத்தி அழுத்தி அடைத்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது ஓட்டையில் குழாய் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கி வரக் கொழுந்தனை அனுப்ப வாயைத் திறந்தபோது தெருமுனையில் டாக்டரின் கார் திரும்பியது. அவள் பலகையைத் தூக்கினாள். இருபத்தொன்பது ஓட்டைகள் திறந்தபடியே பலகைக்குப் பின்னால் போய்விட்டன.

பலகை அழகாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் பதினோரு எழுத்தும் பால் மாதிரி எரிந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். டாக்டரே இரண்டு தடவை தலையை ஆட்டினார். அவள் ஆசைப்பட்ட காட்சி அதுதான், ஆனால் அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. பலகையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்று.

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் பிற்பகல் லேசாகத் தூறல். சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டருக்குக் கீழே ஈரக்கோடு ஒன்று இறங்கியது. ஜன்னல் ஓரத்தில் எங்கோ நுழைந்த தண்ணீர், காலண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஓடி, கீழே வந்து தலைகாட்டியது. அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

அந்தக் கறுப்புக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி உண்டு. அதற்குள்தான் பலகைக்கான கரன்ட் வயர் வருகிறது. வயரின் இணைப்பை அவள்தான் டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தாள். கல்லில் ஓட்டை இல்லாதவரை அது நனைய வழியே இல்லை. இப்போது இருபத்தொன்பது வழி. அந்த இணைப்புக்கு நேர் கீழே இரும்பு ஷட்டரின் பெட்டி. இணைப்பு நனைந்தால் கரன்ட் அதில் இறங்கும். தினமும் காலையில் அந்த ஷட்டரைத் தூக்குவது வரவேற்பறையில் உட்காரும் பெண், இருபது வயதுகூட இருக்காது.

அடுப்பை அணைத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்புறம் செருப்புக் கடையின் ஓரத்தில் நின்று, தூறல் நிற்கும் வரை பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதற்கடுத்த நாளும் மழை. அன்றும் போனாள். எழுத்துகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. வீட்டில் இருந்தாலும் அவள் பாதி அங்கேதான் இருந்தாள். குழாயில் தண்ணீர் சொட்டினால் திடுக்கிட்டாள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். எடுத்தால் டாக்டர் குரல் கேட்கும் என்று பயம். ஒரு தடவை டாக்டரே பேசினார். இரண்டாவது கிளைக்கு எப்போது அளவெடுக்க வருகிறீர்கள் என்று கேட்கத்தான். அவள், முதல் பலகையை ஒருமுறை இலவசமாகக் கழற்றிச் சரிபார்த்துவிடுகிறேனே என்று இழுத்தாள். அதெல்லாம் வேண்டாம், ரொம்ப நன்றாக இருக்கிறது, தொடாதீர்கள் என்றார் டாக்டர்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். முதல் வேலையிலேயே கல்லை நாசம் செய்து மூடி மறைத்தவள் என்று பெயர் வரும். இரண்டு கிளையும் போகும். பின்னறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய அந்த மேசை காத்துக்கொண்டிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அவள் பயம் முழுவதும் அந்த மேசையில் வந்துதான் முடியும். பிறகு ஷட்டரைத் தூக்கும் அந்தப் பெண்ணின் கை ஞாபகம் வரும். உடனே, மழை விட்டுவிட்டதே, இனி வராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். இப்படி எட்டு நாள்.

அவள் அங்கே போய் நிற்பது கணவருக்குத் தெரியும், காரணம் தெரியாது. பயப்படுகிற வேலையை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார் இல்லையா, அந்த வேலை தன் கையைவிட்டுப் போய்விட்டது என்று மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டது இந்த எட்டு நாளில் ஒரு நாள்தான்.

ஒன்பதாம் நாள் விடியும்போதே மழை கொட்டியது. தூறல் இல்லை, வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் கணுக்கால் தண்ணீர். கல் முகப்பில் தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. பலகையின் கீழ் விளிம்பிலிருந்து, ஷட்டர் பெட்டிக்கு நேர் மேலே, தனியாக ஒரு கோடு சொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வருகிற தண்ணீர். காலண்டருக்குக் கீழே பார்த்த அதே கோடு.

அப்போது வரவேற்பறைப் பெண் வந்தாள். குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்தாள், பிளாஸ்டிக் உறையிலிருந்து சாவியை எடுத்தாள், ஈரக் கையைச் சட்டையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

இவள் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது.  போன வேகத்தில் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னக்கா இது, ஷட்டர் திறக்கக் கூடாதா?"

"தொடாத. மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

அந்தப் பெண் பக்கத்துச் சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். இவள் போய் மெயினை இறக்கினாள். அதற்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நோயாளிகள் வந்து நின்றார்கள். டாக்டரின் காரும் வந்தது. ஏன் எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள், ஏன் கரன்ட் இல்லை என்று டாக்டர் கேட்டார். ஒரு நொடி, கடைசியாக ஒரு நொடி, அவளுக்கு ஒரு பொய் தோன்றியது. மழை நாள், எதற்கும் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள், பாராட்டியும் இருப்பார்கள். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"பலகை அழகுக்குப் போடல டாக்டர். ஓட்டைய மறைக்கத்தான் போட்டேன்."

பிறகு மீதியையும் சொன்னாள், நனைந்த தலையோடு, நோயாளிகள் கேட்டுக்கொண்டிருக்க. காகிதத்தைத் திருப்பாமல் ஒட்டியது, பசை தீர்ந்தது, காரைப் பார்த்துப் பயந்து தூக்கி மாட்டியது, எட்டு நாளாக எதிரே வந்து நின்றது.

 டாக்டர் முதலில் நோயாளிகளை மாலையில் வரச் சொல்லி அனுப்பினார். கொழுந்தனுக்குப் போன் போனது. அவன் வந்து பலகையைக் கழற்றினான். கல்லுக்குப் பின்னாலிருந்து வயரை இழுத்தபோது, சுற்றியிருந்த டேப் நனைந்த பிளாஸ்திரி போலக் கையோடு வந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. அன்று ஷட்டரைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு ஆகாமல் போயிருக்கலாம், என்றைக்காவது ஆகியிருக்கும் என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, நோயாளியின் வாயைப் பார்ப்பது போலவே ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை?"

"முப்பத்தெட்டு."

"அடைச்சது?"

"ஒம்பது."

"சொத்தைப் பல்ல அப்படியே விட்டுட்டு மேல கேப் போட்டிருக்கீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "ஓட்டை மாறிப் போறது பெரிய விஷயம் இல்ல. அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், கல்ல மாத்தியிருப்போம். ஆனா இந்தப் பொண்ணு தினமும் இதத் தொடுதுன்னு உங்களுக்கு எட்டு நாளாத் தெரியும்."

  கொழுந்தன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான், இவள்தான் கையால் தடுத்தாள்.

அந்தப் பெண்தான் இடையில் பேசினாள். "அப்ப எதிர்ல குடையோட நின்னது நீங்கதானா? பல்லு புடுங்கப் பயந்துகிட்டு நிக்கிறீங்கன்னு நெனச்சு, உள்ள வாங்கன்னு நான் ரெண்டு தடவ கையாட்டினேன்க்கா." டாக்டருக்குக்கூட உதடு லேசாக அசைந்தது. இவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது.

முடிவு இதுதான். கெட்டுப்போன கற்களை அவள் செலவிலேயே மாற்ற வேண்டும். எழுத்து முதலில் பேசியபடி கல்மேல் நேரடியாக வர வேண்டும். மின்சார வேலையை டாக்டர் அனுப்பும் ஆள் வந்து பார்ப்பார். இரண்டு கிளைகளைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரே சொன்னார், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று. இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நீண்ட நேரம் ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது, ஓட்டைக்காக இல்லை. பயப்படுகிற வேலை தன்னுடையது என்று பேசி வைத்திருந்தும் அவள் எட்டு நாள் தனியாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்காக. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் புதிய கல்லைத் தூக்க ஆள் குறைந்தது, அவரே சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

புதுக் கல் பதித்து, புதுக் காகிதம் ஒட்டிய அன்று, கொழுந்தன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஏணி உச்சியிலிருந்து கேட்டான்.

"அண்ணி, ஒன்னு எந்தப் பக்கம்?"

 காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டிருந்த எண்கள் இந்தத் தடவை சுவரோடு ஒட்டி மறைந்திருந்தன. மேலே வெறும் குத்துகள் மட்டும். அவள் ஏணியை விட்டு விலகி, தெருவைக் கடந்து, எட்டு நாள் குடையோடு நின்ற அதே செருப்புக் கடை ஓரத்துக்குப் போனாள். அங்கிருந்து திரும்பி, பலகையைப் படிக்கப் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி சுவரைப் பார்த்தாள். முதல் எழுத்தைக் கையில் எடுத்து வந்திருந்தாள். அதை முகம் தன்னைப் பார்க்க நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சுவரோடு வைத்துப் பார்த்தாள். வலது கைதான் முதலில் உயரப் பார்த்ததாம். அதை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கிச் சுவரின் இடது கோடியைக் காட்டினாள்.

செருப்புக் கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நாள் அவள் நின்றதும், ஒன்பதாம் நாள் ஓடியதும், படியில் நின்று சொன்னதும் அவர் கண் முன்னால் நடந்தவைதான். தன் கடைக்கும் ஒரு பலகை வேண்டும் என்றார். பிறகு அவசரமாக, சுவரில் ஓட்டை மட்டும் வேண்டாம், சங்கிலியில் தொங்கவிடுங்கள் என்றார்.

அதுதான் அவளுடைய இரண்டாவது வேலை. மூன்றாவது மாதம் முடிந்த அன்று பட்டறை முதலாளி போன் செய்து, மேசையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். கொடுத்துவிடுங்கள் என்றாள். சொல்லிவிட்டு போனை வைக்க முடியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.  இப்போதும் ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் அவளுக்குப் பயம்தான். அவள் அதை மறைப்பதில்லை. கொழுந்தன் மெஷினை எடுத்ததும் "பொறு, நான் பயந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய் நிற்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிற வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று தொடங்கப் போகிறார் என்றால், இந்த அக்காவின் கதையை அவரிடம் சொல்லுங்கள். முழுதாகச் சொல்ல நேரமில்லை என்றால் அந்த எட்டு நாளை மட்டுமாவது சொல்லுங்கள். அவர் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் நல்லது.